கருவில் காம்பு வெட்டும் நொதி: ப்ளஸ் டூ வகுப்பில் எப்படி நடத்தலாம்?

காவேரிப்பட்டினம் பக்கம் விலங்கியல் எடுக்கிறேன். கரு வளர்ச்சிப் பாடத்தில் 'செல்கள் ஒன்றுக்கொன்று சமிக்ஞை அனுப்புகின்றன' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வராது. எப்படி அனுப்புகின்றன என்பதில்தான் சுவையே.

கரும்பலகையில் ஒரு கோடு இழுங்கள்; அது செல் சவ்வு. அதில் ஊன்றி நிற்கும் ஒரு புரதம், பெரும்பகுதி வெளியே. பெயர் டிஜிஎஃப்-ஆல்ஃபா (TGF-α); செல்களை வளரத் தூண்டும் சமிக்ஞைப் புரதம். வெளியே இருக்கும் பகுதியை மாங்காய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மாந்தோப்பும் தொரட்டியும் புதிதல்ல. 'காம்பில் தொரட்டி போடுவதுதான் டேஸ் (TACE) என்ற நொதியின் வேலை' என்றால் போதும். நொதி சவ்வை ஒட்டி வெட்டும். விடுபட்ட துண்டு ஈஜிஎஃப் ஏற்பியில், அதாவது செல் சவ்வில் சமிக்ஞையை வாங்கும் புரதத்தில், போய்ப் பொருந்தும். நொதியின் வெட்டும் பகுதியில் துத்தநாகம் இருந்தால்தான் வெட்ட முடியும்.

"தொரட்டி போடாட்டி என்ன மிஸ், காய் தானா விழாதா?" என்று யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். பதில் 1998இல் வெளியான எலி ஆய்வில் இருக்கிறது. டேஸ் நொதியில் துத்தநாகம் பிடிக்கும் பகுதியை மரபணுவிலேயே நீக்கிவிட்டார்கள். குட்டிகள் கண் திறந்தபடி பிறந்தன.

இங்கே அவசரப்படாதீர்கள். 'ஆட்டுக்குட்டியும் அப்படித்தானே பிறக்கிறது' என்பார்கள். எலிக் கருவில் இமைகள் வளர்ந்து வந்து ஒட்டிக்கொள்ளும். பிறந்து ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துத்தான் பிரியும். மனிதக் கருவிலும் ஒட்டிப் பிரிவது உண்டு, ஆனால் எல்லாம் வயிற்றுக்குள்ளேயே முடிந்துவிடும். அந்தக் குட்டிகளுக்கோ இமை மூடவே இல்லை.

அப்புறம் முக்கியமான படி: டிஜிஎஃப்-ஆல்ஃபாவே இல்லாத எலிகளிலும் திறந்த கண் உண்டு, முடியும் சுருண்டிருக்கும். புரதம் இல்லாவிட்டாலும் சரி, இருந்தும் வெட்டாவிட்டாலும் சரி, இமைக்கு ஒரே கதிதான். அப்படியானால் வெட்டுவது அவசியம் என்று பிள்ளைகளே சொல்லும்வரை காத்திருங்கள். நான் சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவேன்.

வீட்டுக்கு ஒரு கேள்வி கொடுங்கள்: டிஜிஎஃப்-ஆல்ஃபா இல்லாத எலி பிழைக்கிறது; டேஸ் வேலை செய்யாத எலிகளில் பெரும்பாலானவை பிறப்பையொட்டி இறக்கின்றன. ஏன்? குறிப்பு மட்டும் சொல்லுங்கள். 1997இல் இந்த நொதியைக் கண்டுபிடித்ததே டிஎன்எஃப் என்ற வேறொரு புரதத்தை வெட்டுவதை வைத்துத்தான்.