அவசரகால எண்ணெய் இருப்பு: திறக்கும் நாளிலேயே நிரப்பும் வழியை எழுதி வைத்தல்

ஒரு நாட்டின் அவசரகால எண்ணெய் இருப்பைக் காக்கும் பொறுப்பை ஏற்பவர், அதை எந்தச் சூழலில் திறக்கலாம், எந்தச் சூழலில் திறக்கக் கூடாது என்பதை நெருக்கடி வருவதற்கு முன்பே சட்டமாகவோ விதியாகவோ எழுதச் செய்ய வேண்டும். 1973ஆம் ஆண்டில் அரபு நாடுகள் விதித்த எண்ணெய் ஏற்றுமதித் தடைக்குப் பின் 1974இல் உருவான சர்வதேச எரிசக்தி முகமை, எண்ணெய் இறக்குமதி செய்யும் உறுப்பு நாடுகள் 90 நாள் நிகர இறக்குமதிக்கு ஈடான எண்ணெயைக் கையிருப்பில் வைத்திருக்க வேண்டும் என்கிறது. போராலோ புயலாலோ வரத்து அறுபடும் நாளுக்காகவே இந்த ஏற்பாடு. விலை சற்று ஏறியவுடன் இருப்பில் கை வைக்கும் வழக்கம் ஒருமுறை நுழைந்துவிட்டால், பிறகு அதைத் தடுப்பது மிகக் கடினம்.

அடுத்து, எண்ணெய் எங்கே கிடக்கிறது என்பதை நிர்வாகி நன்கு அறிந்திருக்க வேண்டும். அமெரிக்கா தன் இருப்பை டெக்சாஸ், லூசியானா மாநிலங்களில் நான்கு இடங்களில் உள்ள உப்புக் குகைகளில், அதாவது நிலத்தடி உப்புப் படிவத்தில் உருவாக்கிய குகைகளில், வைத்திருக்கிறது. இந்தியா விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் ஆகிய இடங்களில் பாறையைக் குடைந்த குகைகளில் மொத்தம் 53.3 இலட்சம் டன் கொள்ளளவை அமைத்திருக்கிறது. பாறைக் குகையில் சுற்றியுள்ள நிலத்தடி நீரின் அழுத்தமே எண்ணெயைக் கசியவிடாமல் பிடித்து வைப்பதால், அந்த நீர்மட்டத்தை ஓயாமல் கண்காணிக்க வேண்டும். உப்புக் குகையின் சிக்கல் வேறு. அடியில் நீரைச் செலுத்தித்தான் எண்ணெயை மேலே தள்ளுகிறார்கள். நன்னீராக இருந்தால் அது உப்புச் சுவரையும் கரைத்துக் குகையை அகலப்படுத்திவிடும். ஆகவே ஒரு குகையை எத்தனை முறை முழுமையாகக் காலி செய்யலாம் என்பதற்கும் வரம்பு உண்டு, அந்தக் கணக்கு ஒவ்வொரு குகைக்கும் தனித்தனியே பதிவில் இருக்க வேண்டும்.

எண்ணெயை வெளியே விட இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, ஏலத்தில் விற்பது. மற்றொன்று, சுத்திகரிப்பு ஆலைக்குக் கடனாகக் கொடுத்து, குறித்த காலத்திற்குள் கூடுதல் பீப்பாய்களோடு எண்ணெயாகவே திரும்பப் பெறுவது. புயலால் சில வாரங்கள் மட்டும் வரத்து நிற்கும்போது கடன் முறையே சிறந்தது என்பது என் கருத்து, ஏனெனில் திரும்ப நிரப்பும் கடமை ஒப்பந்தத்திலேயே அடங்கிவிடுகிறது.

விற்பனையில் அந்தக் கடமை தானாக வருவதில்லை. எனவே திறக்கும் ஆணையிலேயே மூன்று விவரங்கள் இடம்பெற வேண்டும்: விற்ற பணம் எந்தத் தனிக்கணக்கில் சேரும், எந்த விலைக்குக் கீழே திரும்ப வாங்கத் தொடங்குவது, எந்தத் தரத்தில் வாங்குவது. இவற்றில் பணமே முதன்மையானது. 2020இல் விலை சரிந்தபோது 7.7 கோடி பீப்பாய் வாங்க அமெரிக்க நிர்வாகம் விரும்பியும், அதற்கான நிதியை நாடாளுமன்றம் ஒதுக்காததால் அந்த வாய்ப்பு நழுவியது. அதே ஆண்டின் ஏப்ரல், மே மாதங்களில் இந்தியா தன் குகைகளைப் பீப்பாய்க்குச் சராசரியாக 19 டாலர் விலையில் நிரப்பிக்கொண்டது. மலிவான விலை சில வாரங்களே நீடிக்கும். அதற்குள் நிதி ஒப்புதல் கிடைத்துவிடும் என்று நம்பி எந்த நிர்வாகியும் இருந்துவிடக் கூடாது.

வாங்கும் வேகமும் முக்கியம். 2022இல் அமெரிக்கா ஆறு மாதங்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 10 இலட்சம் பீப்பாய் வீதம் 18 கோடி பீப்பாய் விற்பனையை அறிவித்தது. திரும்ப வாங்கும்போதோ, 2024இன் தொடக்கத்தில் மாதத்திற்குச் சுமார் 30 இலட்சம் பீப்பாய் அளவிலேயே ஒப்பந்தப்புள்ளி கோரியது. அரசே பெரும் அளவில் வாங்க இறங்கினால் அந்த வரவே விலையை ஏற்றிவிடும் என்பதால், சிறு சிறு அளவாகப் பிரித்து, பின்னாளில் ஒப்படைக்க வேண்டிய எண்ணெய்க்கு இப்போதே விலையை உறுதி செய்துகொள்வது நல்லது. பின் மாதங்களுக்கான முன்பேர விலை இன்றைய விலையைவிடக் குறைவாக இருக்கும் காலத்தில் இம்முறை பெரிதும் கைகொடுக்கும். ஏற்கெனவே சட்டப்படி விற்றே ஆக வேண்டும் என்றிருந்த எண்ணெயை விற்காமல் நிறுத்துவதும் நிரப்புவதற்கு ஒப்பானதே. 2024 முதல் 2027 வரையிலான நிதியாண்டுகளில் நடக்கவிருந்த 14 கோடி பீப்பாய் விற்பனையை அமெரிக்கா அவ்வாறே ரத்து செய்தது.

மலிவு என்பதற்காகத் தரத்தை விட்டுவிடலாகாது. கந்தகம் குறைந்த எண்ணெய்க்காக அமைந்த ஆலைகளை நம்பியிருக்கும் நாடு, கந்தகம் மிகுந்த எண்ணெயைக் குகையில் நிரப்பினால் நெருக்கடியின்போது அதை உடனடியாகப் பயன்படுத்த முடியாது. நிரப்பிய பிறகும் வேலை முடிவதில்லை: உப்புக் குகையில் நெடுங்காலம் கிடக்கும் எண்ணெய் நிலத்தின் வெப்பத்தால் சூடேறி, உப்பிலிருந்து கசியும் வாயுவையும் ஏற்றுக்கொள்வதால், அதன் ஆவியழுத்தத்தை, அதாவது எண்ணெயிலிருந்து வாயு வெளியேற முயலும் அழுத்தத்தை, குறித்த இடைவெளியில் அளந்து, வரம்பை மீறும்போது வாயுவைப் பிரித்தெடுத்து, எந்த நாளில் ஆணை வந்தாலும் அதைக் குழாயில் பாதுகாப்பாக அனுப்பக்கூடிய நிலையில் வைத்திருக்க வேண்டும்.