பழைய அவுட்போர்டு வாங்கினா ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி இதை பாருங்க

செகண்ட் ஹேண்ட்ல அவுட்போர்டு எஞ்சின் (படகுக்குப் பின்னாடி வெளியில மாட்டுற எஞ்சின்) வாங்கிட்டு வந்ததும் உடனே கயிறு இழுத்து ஓட்டிப் பாக்காதீங்க. முதல்ல கீழ புரொப்பெல்லர் பக்கத்துல இருக்கற கியர் கேஸ் ஆயிலை கொஞ்சம் வடிச்சுப் பாருங்க, பால் மாதிரி வெளுத்து வந்தா சீல் போயி தண்ணி உள்ள போயிருக்குனு அர்த்தம், இரும்புத்தூள் இருந்தா கியர் தேய்ஞ்சிருக்கு. விக்கறவங்க புது ஆயில் மாத்தி வித்திருக்கலாம், அதனால கொஞ்ச நேரம் ஓட்டினதுக்கப்புறம் மறுபடியும் பாக்கணும், இதை விட்றாதீங்க.

அடுத்து ஸ்பார்க் பிளக் எல்லாத்தையும் கழட்டி, கேஜ் வச்சு கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள வர்ற அழுத்தம்) பாருங்க. நம்பர் எவ்ளோ வருதுங்கறதை விட ஒரு சிலிண்டருக்கும் இன்னொண்ணுக்கும் வித்தியாசம் 10 சதவீதத்துக்குள்ள இருக்கான்றதுதான் முக்கியம். கடல்ல முழுகி எடுத்த எஞ்சினா இருந்தா மேல பெயிண்ட் பளபளன்னு இருக்கும், ஆனா எஞ்சின் உச்சியில சுத்துற ஃப்ளைவீல் சக்கரத்துக்கு அடியில துருவும் வயர் கனெக்டருக்குள்ள வெள்ளையா பச்சையா உப்பும் பூத்திருக்கும், அங்கதான் உண்மை தெரியும்.

எஞ்சினை குளிர வைக்க தண்ணி ஏத்துற ரப்பர் சக்கரமான இம்பெல்லரை யோசிக்காம புதுசு போட்ருங்க. ஓட்டிப் பாக்கறப்போ டிரம்ல தண்ணி நிரப்பி கீழ்ப்பகுதியை முக்கி வச்சுத்தான் ஓட்டணும், எஞ்சின் பக்கத்துல இருந்து பீச்சுற கூலிங் தண்ணி நின்னா உடனே ஆஃப் பண்ணிருங்க.