மூக்குக்குழல் செய்யவும் ஊதவும்

ஹவாய்த் தீவுகளில் காதலர் ஒருவருக்கொருவர் ஊதியதும், தொங்கா நாட்டில் அரசரைத் துயிலெழுப்ப ஊதப்பட்டதும் மூக்கால் ஊதும் மூங்கிற்குழல்களே. தொங்காக் குழலின் இரு முனைகளும் கணுவால் அடைபட்டிருக்கும்; ஒரு முனை மட்டும் அடைபட்ட ஹவாய் வகையே செய்வதற்கு எளிது.

யாழ்ப்பாணத்தில் பந்தலுக்கு விற்கும் மூங்கிலில், உள்விட்டம் 1.5 சென்ரிமீற்றரும் நீளம் 40 சென்ரிமீற்றரும் கொண்ட, ஒரு முனையில் மட்டும் கணு நிற்கும் முற்றிய துண்டைத் தேர்ந்து நிழலில் உலர்த்துங்கள். சித்திரை வெயிலில் கிணற்றுக்கட்டின் மேல் நான் காயவைத்த முதற் துண்டு மதியத்துக்குள் நீளவாக்கில் பிளந்துவிட்டது. கணுவிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் 5 மில்லிமீற்றர் அகலத்தில் மூக்குத்துளையைச் சுட்டுத் திறந்து, கரியைக் கூரிய கத்தியாற் சுரண்டிவிடுங்கள்; விளிம்பு மழுங்கினால் ஒலி பிறக்காது. திறந்த முனையிலிருந்து 10, 15 சென்ரிமீற்றர் தூரங்களில் விரற்துளைகள் இரண்டை முதலிற் சிறிதாகவே இடுங்கள். துளையை அகட்ட அகட்டச் சுருதி ஏறுமே தவிர, ஏறியதை இறக்குவது எளிதன்று.

ஊதுமுன் மூக்கின் கீழ் ஒரு சிறு கண்ணாடியைப் பிடித்து மூச்சு விட்டால் இரண்டு ஆவித் திட்டுகள் படியும்; எது பெரிதோ அந்த நாசியே அப்போது திறந்திருப்பது. மற்றதைப் பிராணாயாமத்தில் அடைப்பதுபோல இடக்கைப் பெருவிரலால் அடைத்து, அதே கையின் மற்ற விரல்களாற் குழலின் கணுப்பக்கத்தைத் தாங்கி, வலக்கை விரல்களால் இரு துளைகளையும் மூடிக்கொள்ளுங்கள். மூக்குத்துளை நாசியின் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் இருக்க, வாயை மூடி, தூங்குபவர் விடும் அளவிலேயே மூச்சை விட்டபடி குழலை மயிரிழை மயிரிழையாக உருட்டினால், வெறும் காற்றிரைச்சலுக்கு நடுவே ஓரிடத்தில், போத்தல் வாயிற் காற்று மோதினாற் போன்ற அடங்கிய ஒலி எழும். அந்தக் கோணம் பிடிபட எனக்கு இரண்டு மாலைகள் சென்றன. பலமாக ஊதியதுதான் காரணம்.

இணுவில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காதுக்கு இது ஏமாற்றமாகவே இருக்கும். மூன்று நான்கு சுரங்களே கிடைப்பதால் இராகத்துக்கு ஆசைப்படாமல், தாலாட்டின் ஓரடியை ஊதிப் பாருங்கள்.

தடிமன் பிடித்த நாளிற் குழலைத் தொடவேண்டாம். ஒருவர் ஊதியதை மற்றவர் ஊதவும் வேண்டாம். முடிந்ததும் குச்சியிற் சுற்றிய துணியால் உள்ளீரத்தை ஒற்றி, திறந்த முனை கீழே இருக்க நிழலிற் சாய்த்து வையுங்கள்.