உப்புக் காற்றில் வெளித்திரைகளைப் பேணுதல்

திருகோணமலைக் கரையோரத்தில், உப்புவெளியிலோ நிலாவெளியிலோ கடற்பக்கம் பார்த்த விறாந்தையில் தொங்கும் துணித் திரையின் கீழ்ப்பட்டியை விடியற்காலையில் விரலால் துடைத்து நாவில் வைத்துப் பாருங்கள், உப்புக் கரிக்கும். துணியும் சற்றே பிசுபிசுக்கும். முந்தைய நாள் மழை பெய்திருக்காது, எவரும் தண்ணீர் ஊற்றியும் இருக்கமாட்டார்கள். காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டியதும் உப்பு அந்த ஈரத்தை உறிஞ்சித் தானே கரையத் தொடங்கும் என்பதால், இரவில் திரை மெல்ல நனைந்துகொண்டே இருக்கும். பகலில் வெயில் ஏற உலர்ந்து, நெசவின் இடுக்குகளில் உப்பு மீண்டும் படிகமாகும். ஈரத்தில் வீதிப் புழுதி ஒட்டுகிறது, புழுதியில் பூஞ்சணம் பிடிக்கிறது, சுருட்டும்போதும் இறக்கும்போதும் படிகங்கள் நூலை அராவுகின்றன. திரை கெட்டால் வெயிலைக் குறை சொல்வோரே அதிகம். வெயில் நிறத்தை வெளிற வைப்பது உண்மைதான். ஆனால் எங்கள் வீட்டில் இதுவரை கழித்த திரைகளைக் கெடுத்தவை உப்பும், ஈரத்தோடு சுருட்டிய அவசரமும்தான்.

சுத்தம் செய்யத் தொடங்குமுன் துணி எதுவென்று தெரிந்துகொள்வது அவசியம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நுண்ணிய துளைகள் தெரிகிற வலைத்துணி பெரும்பாலும் பி.வி.சி. பூசப்பட்ட பொலியெஸ்டராக இருக்கும். இரு பக்கமும் ஒரே நிறமாய், தொடுவதற்குத் துணிபோலவே இருப்பது அக்றிலிக். இதில் நல்ல வகையில் நூலாகத் திரிக்கும் முன்பே சாயம் ஊட்டப்பட்டிருக்கும். நனைந்ததும் விறைத்துக் கனக்கிற பருத்திக் கன்வஸ் பழைய வீடுகளில் இன்னும் உண்டு. வாங்கிய கடையின் பற்றுச்சீட்டிலோ துணியின் ஓரத்திலுள்ள சீட்டிலோ விபரம் இருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள், ஏனெனில் கறை நீக்கும்போது எதை ஊற்றலாம், எதை ஊற்றக்கூடாது என்பது அதைப் பொறுத்தது.

அடிக்கடி செய்ய வேண்டிய வேலை மிகவும் எளியது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திரையை முழுவதுமாக இறக்கி, மென்மையான பிறஷால் மேலிருந்து கீழாக இரு பக்கமும் உலர்ந்த நிலையிலேயே தூசு தட்டி, அதன்பின் குழாய் நீரை மெல்லிய வீச்சில் விட்டு உப்பு போகும்வரை அலசினால் போதும். தூசு தட்டாமல் நீர் விடுவது புழுதியைச் சேறாக்கி நெசவுக்குள் இறக்கிவிடும். கடலோரக் கிணறுகள் பலவற்றின் நீர் உவர் கலந்தது. அதனால் அலசினால் உலர்ந்தபின் வெள்ளைப் படலம் படியும். ஆகவே கிணற்று நீரில் தொடங்கினாலும், கடைசி அலசலுக்கு இரண்டு வாளி குழாய் நீரையோ சேமித்த மழைநீரையோ ஒதுக்கி வைப்பது நல்லது. காலை எட்டு மணிக்குள் வேலையை முடித்தால், கச்சான் எனும் வறண்ட தென்மேல் காற்று வீசும் மாதங்களில் மதியத்துக்கு முன்பே துணி உலர்ந்துவிடும்.

சவர்க்காரம் போட்டுக் கழுவுவது ஆண்டுக்கு இரண்டு முறை, அதிகம் போனால் மூன்று முறை. மழை தொடங்குமுன் செப்டெம்பரில் ஒன்றும், தைப்பொங்கல் கழிந்து வானம் வெளித்தபின் ஒன்றுமாக வைத்துக்கொள்ளலாம். ஐந்து லீற்றர் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் மென்மையான திரவம் இரண்டு மேசைக்கரண்டி கலந்து, துணியை முதலில் வெறும் நீரால் நனைத்துவிட்டு, பிறஷைச் சிறு வட்டங்களாக ஓட்டுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் ஊற விடலாம், ஆனால் நுரை துணியிலேயே காய்ந்துவிடக்கூடாது. ஆகவே வெயில் நேரே விழும் பொழுதைத் தவிர்க்க வேண்டும். சலவைத் தூள் வேண்டாம். அதன் காரம் துணியின் நீர் ஒட்டாத தன்மையைப் போக்கும். எஞ்சி நிற்கும் சவர்க்காரமோ மறுவாரமே புதிய அழுக்கை இழுக்கும். அலசும்போது கீழே வடியும் நீரை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்து, நுரைக்குமிழ் ஒன்றும் இல்லாதபோதுதான் நிறுத்த வேண்டும்.

வாகனம் கழுவும் இடத்துக்குக் கொண்டுபோய் உயர் அழுத்த நீரால் அடிப்பித்தால் ஒரு மணித்தியாலத்தில் வேலை முடியுமே என்று தோன்றும். எனக்கும் ஒருமுறை தோன்றியது. திரை புதிதுபோல மின்னித் திரும்பி வந்தது; அந்த மாரியில் தையல் வரிசை முழுவதும் ஊசித் துளைகளின் வழியே முத்து முத்தாய் நீர் கசிந்தது. அந்த வீச்சு அழுக்கோடு பூச்சையும் உரித்து, நூலையும் தளர்த்திவிடுகிறது.

பூஞ்சணம் கறுப்புப் புள்ளிகளாகத் தொடங்கும், பெரும்பாலும் கீழ்ப்பட்டியின் மடிப்பிலும், சுருட்டியபோது உள்ளே அகப்பட்ட பகுதியிலும். செயற்கை இழையை அது தின்பதில்லை. அதன்மேல் படிந்த புழுதியையும் எண்ணெய்ப் பசையையும்தான் பற்றிக்கொள்கிறது. மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, வீட்டுக்குள் காற்று அடிக்காத திசையில் நின்று, முதலில் உலர்ந்த பிறஷால் தட்டுங்கள். பின்னர் ஒரு பங்கு வினாகிரிக்கு நான்கு பங்கு நீர் கலந்து தடவி, அரை மணித்தியாலம் கழித்து மென்மையாகத் தேய்த்து அலசினால், புதிதாகப் பிடித்தது பெரும்பாலும் போய்விடும். ஊறிப் பழகிய கறைக்கு, நூலாகத் திரிக்கும் முன்பே சாயம் ஊட்டிய அக்றிலிக் துணியாயின், ஐந்து லீற்றர் நீருக்குச் சாதாரண வீட்டுப் பாவனைப் பிளீச் 300 மில்லிலீற்றரும் சவர்க்காரத் திரவம் 75 மில்லிலீற்றரும் கலந்து தடவி, 15 நிமிடத்துக்கு மேல் விடாமல் ஏராளமான நீரில் அலசலாம். கையுறை அணிய வேண்டும். உலோகப் பாகங்களில் பட்டால் உடனே கழுவ வேண்டும். தெரியாத ஒரு மூலையில் முதலில் தொட்டுப் பார்க்க வேண்டும். பருத்திக் கன்வஸில் இதைச் செய்தால் துணி நைந்து நிறமும் போகும். வலைத்துணியிலும் நான் பயன்படுத்துவதில்லை. வினாகிரியும் பிளீச்சும் சேர்ந்தால் நச்சான குளோரின் வாயு வெளிவரும் என்பதால், ஒன்றைப் பயன்படுத்திய நாளில் மற்றதன் போத்தலைத் தொடவே வேண்டாம்.

காக எச்சத்தைச் சுரண்டக்கூடாது. ஈரத்துணியைப் பத்து நிமிடம் அதன்மேல் ஒட்டி வைத்து, இளகியதும் துடைத்தெடுங்கள். நாவல் பழுக்கும் காலத்தில் வௌவால்கள் இட்டுச் செல்லும் ஊதாக் கறைக்கு அன்று காலையே நீர் விட்டால்தான் உண்டு. இரண்டு நாள் வெயில் பட்டபின் அது துணியின் சொந்த நிறமாகிவிடும்.

உலர்த்துவதில்தான் பலர் தவறுகிறார்கள். நடுத்துணி சரசரவென்று காய்ந்திருந்தாலும், பல மடிப்பாய்த் தைத்த கீழ்ப்பட்டிக்குள் ஈரம் தங்கியிருக்கும். மெல்லிய தாள் ஒன்றை மடிப்பின்மேல் வைத்துப் பெருவிரலால் அழுத்துங்கள். தாளில் நிழல்போல ஈரம் ஊறினால் இன்னும் ஒரு மணித்தியாலம் தொங்க விட வேண்டும். காற்று பலத்து, நனைந்த திரையைச் சுருட்டியே ஆக வேண்டிய வேளையும் வரும். அப்போது தயங்காமல் சுருட்டுங்கள். ஆனால் காற்று ஓய்ந்ததும் இறக்கி விடுவதை மறக்காதீர்கள், ஓரிரு நாள் ஈரத்தில் சுருண்டிருப்பதே பூஞ்சணத்துக்குப் போதுமானது. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை நாட்கணக்கில் மழை பிடிக்கும் இந்த ஊரில், நவம்பர் நடுப்பகுதியில் திரைகளைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுவது என் வழக்கம். 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவி புயல் மாவட்டத்தின் வடக்கே கரை கடந்தபோது எங்கள் வீட்டுத் திரைகள் அறைக்குள் இருந்தன. கழற்றியதை மடிக்கக்கூடாது, குழாயில் சுற்றிப் பழைய பருத்திச் சேலையால் மூடிப் படுக்க வைக்க வேண்டும். பொலித்தீன் சுற்றினால் உள்ளே வியர்க்கும்.

துணியை அலசும்போதே தண்டவாளம், கப்பி, சங்கிலி, சுவர்த் தாங்கிகள் ஆகியவற்றுக்கும் நீர் விட வேண்டும். அலுமினியத்தில் வெண்பொடி பூத்தால் உப்பு அரிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். மென்துணியால் துடைத்து அலசி உலர்த்துங்கள், இரும்பு உரஞ்சியால் தேய்க்க வேண்டாம். துருப்பிடித்த திருகாணியை உடனே மாற்றாவிட்டால் துருநீர் வடிந்து துணியில் போகாத கோடு விழும். தையல் இயந்திர எண்ணெயோ கிறீசோ மணலையும் தூசையும் சேர்த்து அரத்தூள்போல் ஆக்கிவிடுவதால், நகரும் பாகங்களுக்கு உலர்ந்த சிலிக்கோன் தெளிப்பே ஏற்றது. மோட்டோர் உள்ள திரையாயின் அந்த முனைக்கு நீர் விடாமல் ஈரத்துணியால் மட்டும் துடைக்க வேண்டும். நெடுநாள் சுருட்டியிருந்த திரையை இறக்குமுன் மேற்பெட்டிக்குள் எட்டிப் பார்ப்பதும் நல்லது. குளவிகள் மண்கூடு கட்டியிருக்கும், பல்லிகள் முட்டையிட்டிருக்கும், அவை நசுங்கிய கறை எளிதில் விடாது.

துணி நல்லதாயிருக்கத் தையல் மட்டும் முதலில் விடுவதுண்டு. மீன்வலைக்குப் பயன்படும் நைலோன் நூல் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது, பலமானதும்கூட. ஆயினும் வெயிலைத் தாங்குவதில் பொலியெஸ்டர் நூலே மேல். முச்சக்கரவண்டிக்குக் கூரைத்துணி தைப்பவர்களிடம் தடித்த ஊசியும் அந்த நூலும் இருக்கும், சிறு தொகைக்கு ஓரத்தை இரட்டைத் தையலாய்ப் போட்டுத் தருவார்கள். பழைய துளைகளிலேயே ஊசி இறங்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். புதுத் துளை ஒவ்வொன்றும் மழை கசிய இன்னொரு வழி.