தம்பியின் சளியை வெளியேற்றிய வழி

தம்பிக்கு டுஷேன் தசைச்சிதைவு நோய்; தசைகள் படிப்படியாக வலுவிழக்கும் மரபணு நோய் அது. 2020 மார்ச் 25இல் ஊரடங்கு தொடங்கியதும் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வருவது நின்றுபோனது. தம்பியால் வலுவாக இரும முடியாது. சளி தேங்கினால் நிமோனியாவில் கொண்டுபோய் விடுமே என்று பயந்தேன்.

வீடியோ அழைப்பில் அவரே வழி சொன்னார்: ஒருவழி வால்வு பொருத்திய ஆம்பு பை, அதாவது கையால் அழுத்தி நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்தும் பை. தம்பியை நிமிர்த்தி உட்காரவைத்து, அவன் மூச்சிழுக்கும்போதே பையை மெல்ல அழுத்துவேன். அந்த மூச்சை விடாமல் அதன்மேல் இன்னொன்று, பிறகு இன்னொன்று. நெஞ்சு நிறைந்ததும் அவன் இருமுவான். அதே நொடியில் மேல்வயிற்றை உள்ளும் மேலுமாக அழுத்துவேன். சளி வந்துவிடும். சாப்பிட்டவுடன் மட்டும் இதைச் செய்யக்கூடாது.

கொரோனாவுக்குப் பயந்து, தசைநோய்க்காகத் தம்பி எடுத்துவந்த ஸ்டீராய்டு மருந்தை நிறுத்தச் சொன்ன உறவினர்களுக்கு நான் இணங்கவில்லை. நீண்டகாலம் எடுப்பவர்கள் திடீரென நிறுத்தினால் உடலுக்கான ஸ்டீராய்டை இயல்பாகச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி ஈடுகொடுக்காது, உயிருக்கே ஆபத்து.