காரைக்குடிப் பக்கத்து அறுவை மருத்துவர்களுக்கு: நோயாளியின் நியாயத்துக்காகப் பேசுவது எப்படி

"கத்தியோடு நம் வேலை முடிந்தது, மற்றது அரசியல்" என்ற தயக்கம் அறுவை மருத்துவர்கள் பலரிடம் உண்டு. ஆனால் கல்லல், சாக்கோட்டைப் பக்கத்து நோயாளி கால் அழுகிய பிறகு வந்தால், காரணம் சர்க்கரை மட்டுமல்ல, தாமதமும்தான்.

முதலில் ஒரு நோட்டு. தாமதமாக வரும் ஒவ்வொருவருக்கும் நோய் தொடங்கிய நாள், ஊர், வந்த வழி, தாமதம் எங்கே என்று குறியுங்கள்: முடிவெடுப்பதிலா, பயணத்திலா, மருத்துவமனைக்குள்ளேயா? பெயர் எழுத வேண்டாம். சின்ன ஊரில் வயதும் தெருவுமே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும்.

கோரிக்கை ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். "ஏழைகளுக்கு நல்ல சிகிச்சை" என்றால் எந்த அதிகாரியும் நகரமாட்டார். "இரவில் மயக்க மருத்துவர் வேண்டும்" என்றால் பதில் சொல்லியாக வேண்டும். லான்செட் மருத்துவ இதழ் அமைத்த உலக அறுவை சிகிச்சை ஆணையம் 2015-ல் சொன்ன அளவுகோல் கைகொடுக்கும்: சிசேரியன், வயிற்று அறுவை, திறந்த எலும்பு முறிவுச் சிகிச்சை, மூன்றும் 2 மணி நேரத்துக்குள் எட்ட வேண்டும்.

மனுவைத் திங்கட்கிழமை ஆட்சியர் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து, ஒப்புகை எண் வாங்குங்கள். அரசு மருத்துவர்களுக்குத் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் (1973) உண்டு. அதனால் பத்திரிகைக்குப் போகும் முன் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் வழியாகவே எழுதுங்கள்.