ஒரு நாள் சென்னைக்கு: தி.நகரைத் தள்ளிப் போடுங்கள்

வெளிநாட்டிலிருந்து வருகிற எங்கள் சொந்தக்காரர்களுக்குச் சென்னை எப்போதும் வழியில் இருக்கிற ஊர்தான். நடுராத்திரியில் விமானம் இறங்கும். மறுநாள் இரவு எழும்பூரில் ரயில் ஏறித் திருச்சிக்கோ மதுரைக்கோ நெல்லைக்கோ போய்விடுவார்கள். இடையில் ஒரே ஒரு பகல். "ஒரு நாள்தானே, தி.நகர் போய்ப் புடவை வேலைய முடிச்சிடலாம்" என்பார் அண்ணி. பதினொரு மணிக்கு ரங்கநாதன் தெருவில் நுழைந்தவர்கள் ஆறு மணிக்குக் கால் வீங்கி வெளியே வருவார்கள். சென்னை பார்த்தாச்சா என்று கேட்டால், நாலு மாடியும் மூன்று பில் கவுன்ட்டரும் பார்த்திருப்பார்கள்.

இரண்டு முறை இது நடந்தது. மூன்றாவது முறை அண்ணன் குடும்பம் டொரன்டோவிலிருந்து வந்தபோது நான் கறாராகச் சொல்லிவிட்டேன்: துணிமணியெல்லாம் திரும்பிப் போகும்போது. இந்த ஒரு பகல் மயிலாப்பூருக்கும் எழும்பூர் மியூசியத்துக்கும் திருவல்லிக்கேணிக்கும். அன்று போன வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். சென்னையில் ஒரு நாள் தங்கி யாழ்ப்பாணத்துக்கு விமானம் மாறுகிறவர்களுக்கும் இதே வழி சரிப்படும். மாமல்லபுரத்தை இதற்குள் திணிக்க வேண்டாம். போக வரவே நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகும், அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

முதலில் கிழமையைப் பாருங்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கும் அதே வெள்ளிதான். இது தெரியாமல் ஒரு வெள்ளிக்கிழமை பெரியம்மா மகனைக் கூட்டிக்கொண்டு போய், பூட்டிய கேட்டுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பியவன் நான். கோயில்கள் நண்பகல் வாக்கில் நடை சாத்தினால் மாலை நான்கு மணி வாக்கில்தான் திறக்கும். எனவே கோயிலுக்குக் காலையும் மாலையும், மியூசியத்துக்கு நடுப்பகல். வெயிலுக்கும் அதுதான் தோது.

விமான நிலையத்திலிருந்து மெட்ரோ இருக்கிறது. சென்ட்ரல் வரை ஒரே வண்டி, மாற வேண்டாம். நடுராத்திரியில் ஓடாது, விடிகாலை ஐந்து மணி வாக்கில்தான் தொடங்கும். சாலைக்கு எதிர்ப்புறம் திரிசூலம் மின்சார ரயில் நிலையம். அதில் ஏறினால் மாம்பலம் வழியாக எழும்பூருக்கே போகலாம், காசும் மிகக் குறைவு. பெரிய பெட்டிகள் இருந்தால் இரண்டையும் மறந்துவிட்டு டாக்ஸி எடுங்கள். அறை எடுப்பதாக இருந்தால் எழும்பூர்ப் பக்கமே எடுப்பது நல்லது, இரவு ரயிலுக்கு அலைய வேண்டியதில்லை. அறை வேண்டாம் என்றால் எழும்பூர், சென்ட்ரல் இரண்டிலும் பொருள் வைப்பறை உண்டு. ரயில் டிக்கெட்டைக் காட்ட வேண்டும், பெட்டிக்குப் பூட்டும் போட்டிருக்க வேண்டும். டிக்கெட்டை இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள்: வண்டி புறப்படுவது எழும்பூரா, தாம்பரமா, சென்ட்ரலா? தாம்பரம் என்றால் கூடுதலாக ஒரு மணி நேரம் கணக்குப் போட வேண்டும்.

இனி பணம். இங்கே பூக்காரம்மாவிடம்கூட க்யூஆர் அட்டை இருக்கிறது. உங்களிடம்தான் போனிலேயே பணம் அனுப்புகிற யூபிஐ இருக்காது. இந்திய வங்கியில் என்ஆர்ஐ கணக்கு வைத்திருப்பவர்கள் கனடா, பிரிட்டன், சிங்கப்பூர் போன்ற சில நாட்டு போன் எண்களிலேயே யூபிஐ இணைத்துக்கொள்ளலாம், அதைக் கிளம்புவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் ரொக்கம்தான். ஏடிஎம் ஐந்நூறு ஐந்நூறாகத் தள்ளும். காலை டிபன் சாப்பிட்ட இடத்தில் ஒரு தாளைக் கொடுத்துச் சில்லறையாக வாங்கிக்கொள்ளுங்கள். பத்து, இருபது, ஐம்பது இல்லாமல் சென்னையில் ஒரு பகலை ஓட்ட முடியாது. ஓசிஐ அட்டையை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட வேண்டாம். அருங்காட்சியகங்களில் வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் பல மடங்கு. ஓசிஐ உள்ளவர்களுக்கு இந்தியர்களுக்கான கட்டணம்தான், ஆனால் அட்டையைக் காட்டினால்தான் கொடுப்பார்கள்.

ஆட்டோ பற்றி ஒரு வார்த்தை. ஆப்பில் நூற்றிருபது என்று வரும். ஏறி உட்கார்ந்ததும் "மேல ஒரு அம்பது போட்டுக் குடுங்க சார்" என்பார். கொடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் பாடு. நான் மழை நாளிலும் குறுகலான தெருவுக்குப் போகும்போதும் கொடுப்பேன், மற்ற நேரத்தில் சிரித்துவிட்டு முடியாது என்பேன். சண்டை போட்டு அரை மணி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

சரி, மயிலாப்பூர். ஆறரை மணிக்குள் மாட வீதியில் இருக்க வேண்டும். எட்டு மணி ஆகிவிட்டால் அது வேறு ஊர். அண்ணன் பையனுக்கு நேர வித்தியாசத்தில் தூக்கம் வராமல் நாலு மணிக்கே விழித்துக்கொண்டான், அது எங்களுக்கு நல்லதாகப் போயிற்று. நாங்கள் போனபோது கடைகள் பாதி திறந்திருந்தன. ஒரு பூக்காரம்மா விரல் நுனியிலிருந்து முழங்கை வரை மல்லிகையை இழுத்து அளந்துகொண்டிருந்தார். பையன் நின்று பார்த்தான். "ஏன் சித்தப்பா, கை நீளமா இருக்கிறவங்ககிட்ட வாங்கினா லாபம்தானே?" என்று கேட்டான். பூக்காரம்மாவுக்குக் காதில் விழுந்துவிட்டது. "கண்ணு, ஒனக்குன்னு அரை முழம் சேத்தே தரேன்" என்று சிரித்தார். அவன் தங்கச்சி தலையில் அன்றைக்கு இரண்டரை முழம்.

கபாலீசுவரர் மேற்குப் பார்த்தவர். அதனால் குளத்துப் பக்கமாக நுழைந்தால் நேராக அவர் சன்னதி. கிழக்கே உயரமாக நிற்கும் ராஜகோபுரத்தைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம். பழைய கோயில் கடற்கரையை ஒட்டி இருந்தது, போர்த்துக்கீசியர் காலத்தில் அழிந்த பிறகு இங்கே கட்டினார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படுவது. பிராகாரத்தில் புன்னை மரம் இருக்கிறது. அதன் கீழே அம்பாள் மயிலாக வந்து சிவனைப் பூசித்த கதையைப் பிள்ளைகளுக்கு அங்கேயே வைத்துச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு மயிலாப்பூர் என்ற பெயரை விளக்க வேண்டியதில்லை. பங்குனியில் வருகிறவர்களுக்கு அந்த ஒரு நாள் எட்டாம் திருநாளான அறுபத்து மூவர் உற்சவத்தில் அமைந்தால் விடாதீர்கள். ஆனால் அன்று வேறு எங்கேயும் போக முடியாது, தெருவே கூட்டத்தில் அடைத்துக்கொள்ளும். துணைவரோ துணைவியோ வேற்று மதத்தவராக இருந்தால் கொடிமரம் வரைதான் அனுமதி. முன்கூட்டியே சொல்லி வைத்தால் வாசலில் மனவருத்தம் வராது.

மார்கழியில் வருகிறவர்களுக்கு இன்னொரு யோசனை. இசை விழா நடக்கும் சபாக்களின் கேன்டீனுக்குப் பெரும்பாலும் டிக்கெட் தேவையில்லை. பாட்டுக் கேட்க நேரம் இல்லை என்றாலும் இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். எங்கள் அண்ணன் அதைத்தான் செய்தார்.

மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்காக மயிலாப்பூரில் பல தெருக்களைத் தோண்டி வைத்திருக்கிறார்கள். கார் வைத்துக்கொண்டு சுற்றினால் உள்ளேயே மாட்டிக்கொள்வீர்கள். நடந்துவிடுங்கள். நேரமிருந்தால் கடற்கரைப் பக்கம் சாந்தோம் பேராலயத்தை எட்டிப் பார்க்கலாம். இயேசுவின் சீடர் தோமையாரின் கல்லறை என்று நம்பப்படும் இடத்தின் மேல் எழுந்த ஆலயம். இப்போதிருக்கும் வெள்ளைக் கட்டடம் 1890களில் ஆங்கிலேயர் காலத்தில் எழுந்தது. எங்களுக்கு அதற்கு இருபது நிமிடம் போதுமாயிருந்தது.

பத்தரை மணிக்கு எழும்பூர். இந்த நாளில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் இங்கேயே போங்கள் என்பேன். 1851-ல் தொடங்கிய மியூசியம், வளாகம் பெரிது. எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் அடைத்து வைத்த பறவைகளிலும் திமிங்கில எலும்புக்கூட்டிலும் தெம்பு போய்விடும். நேராக வெண்கலக் கூடத்துக்குப் போங்கள்.

அங்கே திருவெண்காட்டிலிருந்து வந்த அர்த்தநாரி இருக்கிறார். சோழர் காலம். வலப்பக்கம் சிவனுக்கு இரண்டு கை, இடப்பக்கம் அம்மைக்கு ஒரே கை. இடுப்பின் வளைவு இடதுபுறம் மட்டும்தான். நேராக நின்று ஒரு தடவை பாருங்கள், பிறகு பக்கவாட்டில் போய்ப் பாருங்கள், முடிந்தால் பின்னாலும். கோயிலில் இருந்தால் அலங்காரத்துக்கும் மாலைக்கும் நடுவில் முகம் மட்டும்தான் தெரியும். இங்கே தோளும் முதுகும் விரல் நகமும் தெரிகிறது. அண்ணி கோயிலில் நிற்பதுபோலவே கை கூப்பி நின்றார். பிள்ளைகளை நான் திருவாலங்காட்டு நடராசர் முன்னால் நிறுத்தினேன்.

இந்தச் சிலைகள் எப்படி வந்தன என்று பையன் கேட்டான். பல சிலைகள் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தவை. ஆபத்துக் காலத்தில் கோயிலிலிருந்து எடுத்துப் புதைத்து வைத்தார்கள். புதைத்தவர்கள் போய்ச் சேர்ந்த பிறகு இடம் மறந்துபோயிற்று. பல நூறு வருடம் கழித்து யாரோ வீட்டுக்கு அடித்தளம் தோண்டும்போதோ வயலை உழும்போதோ மண்வெட்டியில் தட்டும். 1878-ன் புதையல் சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்க, அது இங்கே வந்து சேரும். ஒவ்வொன்றையும் முதலில் மெழுகில் செய்து, மேலே மண் பூசிச் சுட்டு, மெழுகு உருகி வழிந்த இடத்தில் உலோகத்தை ஊற்றி, கடைசியில் மண்ணை உடைத்து எடுத்தார்கள். அச்சு அத்தோடு போயிற்று. அதனால் இரண்டாவது பிரதி என்று ஒன்று கிடையாது. லண்டனிலிருந்து வருகிறவர்கள் ஆந்திரத்து அமராவதியின் பௌத்தச் சிற்பங்கள் இருக்கும் பகுதியையும் பாருங்கள். அதில் ஒரு பங்கு பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது, இன்னொரு பங்கு இங்கே.

ஒரு மணிக்கு வெளியே வந்தால் பசியும் வெயிலும் சேர்ந்து அடிக்கும். பக்கத்தில் சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போய் இரண்டு மணி நேரம் படுங்கள். நம் ஆட்களுக்கு இதைச் சொன்னால் கோபம் வருகிறது. "தூங்கவா டிக்கெட் போட்டு வந்தோம்?" என்று அண்ணன்கூடக் கேட்டார். கேட்டுவிட்டு முதல் ஆளாகக் குறட்டை விட்டார்.

நான்கு மணிக்குத் திருவல்லிக்கேணி. ஆழ்வார்கள் பாடிய கோயில். பார்த்தசாரதி கோயிலின் மூலவருக்கு மீசை உண்டு, பெருமாளை மீசையோடு வேறு எங்கே பார்த்திருக்கிறீர்கள்? உற்சவர் முகத்தில் தழும்புகள். போரில் தேரோட்டியபோது பீஷ்மர் விட்ட அம்புகள் பட்டது என்பது ஐதீகம். பிரசாதக் கடையில் சர்க்கரைப் பொங்கலை விடாதீர்கள்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் கடைசியாக வாழ்ந்த வீடு, இப்போது அரசு நினைவு இல்லம். மூடுவதற்கு முன் போய்விடுங்கள், காபியெல்லாம் பிறகு. கோயில் யானை அவரைத் தள்ளியது 1921-ல், அதே ஆண்டு செப்டம்பரில் இறந்தார். வயது 38. புலம்பெயர்ந்த வீடுகளில் பாரதி படம் மாட்டியிருக்கிற அத்தனை பேரும் இந்த வீட்டின் சின்னக் கூடத்தைப் பார்த்தால், இவ்வளவுதானா என்று கேட்பார்கள். எங்கள் அண்ணனும் கேட்டார். பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அதற்கப்புறம் ரத்னா கஃபேயில் சாம்பார் இட்லி. இட்லி முழுகும்படி சாம்பார் ஊற்றுவார்கள், கேட்டால் இன்னும் ஊற்றுவார்கள்.

கடற்கரைக்கு நடந்தே போகலாம். வழியில் விவேகானந்தர் இல்லம். பழைய பெயர் ஐஸ் ஹவுஸ், 1842-ல் கட்டியது. அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து சேர்த்து வைத்த கிடங்கு. 1897-ல் விவேகானந்தர் இங்கே தங்கினார். அந்தக் காலத்தில் அலை இதற்குப் பக்கத்திலேயே அடித்தது. வடக்கே துறைமுகச் சுவர் எழுந்த பிறகு, கரையோரமாக வடக்கு நோக்கிப் போகிற மணல் தடுக்கப்பட்டு இங்கே தேங்கியது. மெரினாவில் நீங்கள் நடக்கிற அகலமான மணல் அப்படி வந்ததுதான்.

குளிக்க இறங்காதீர்கள். கணுக்கால் நனைய நிற்கலாம், அதற்கு மேல் வேண்டாம். உள்ளிழுக்கும் நீரோட்டம் வெளியே தெரியாது.

காமராசர் சாலை ஓரமாக 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது வைத்த சிலைகள் வரிசையாக நிற்கின்றன: வள்ளுவர், ஔவை, கம்பர், பாரதி, பாரதிதாசன், போப், கால்டுவெல், வீரமாமுனிவர். தமிழ்ப் பள்ளியில் எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவு இருக்கிற பிள்ளைகளுக்கு இது நல்ல விளையாட்டு. அண்ணன் பெண் பீடத்துக்கு முன்னால் நின்று "வீ-ர-மா-மு-னி" வரை வந்து, "வரா, வர்ரா?" என்று கேட்டாள். இத்தாலிக்காரர் இவர் என்று சொன்னேன். "அப்ப இவரும் நம்மள மாதிரி வேற ஊர்ல போய்த் தங்கினவரா?" என்றாள். ஆமாம் என்றேன்.

உழைப்பாளர் சிலையைத் தாண்டும்போது இருட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை மாலை என்றால் காமராசர் சாலையில் ஆப்பில் ஆட்டோ சிக்காது, சேப்பாக்கம் பக்கம் உள்சாலைக்குள் நடந்து போய்ப் பதிவு செய்யுங்கள். எழும்பூருக்கு அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஏறுவதற்கு முன் செருப்பைத் தட்டிவிடுங்கள், ஆட்டோக்காரர் மணலுக்குத் திட்டுவார்.